கடலூர் போன்ற மாவட்டம் வளர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வளர்ச்சித் திட்டங்கள் குறித்துப் பல ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். ஊர் மாறினாலும் அங்கே எழும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நேர நெருக்கடியில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்த பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

வளர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? வருமானம் கூடினால் அதுவே வளர்ச்சி ஆகாதா?

வருமானம் கூடாமல் வளர்ச்சி இல்லை. ஆனால் வருமானக் கணக்கை மட்டும் பார்த்தால் பல செய்திகள் கண்ணில் படாமல் போகும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரு மடங்காகி, அந்தப் பணம் முழுவதும் வீட்டுப் பெரியவரின் மருத்துவச் செலவுக்கே போய்விட்டால், கணக்கில் வளர்ச்சி இருக்கும், வீட்டில் இராது. இதைக் கருத்தில் கொண்டுதான் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் முதலியோரின் துணையுடன், 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக மனித வளர்ச்சிக் குறியீட்டை முன்வைத்தார். ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல் அது. 2015 செப்டம்பரில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளும் அதே வழியில் வந்தவைதாம்.

கடலூர்க்காரர்களுக்கு இது புதிய சிந்தனை அன்று. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது; பசித்தவருக்குச் சோறு கிடைத்த பிறகே மற்றவை என்ற வரிசையை அவர் அன்றே வகுத்துவிட்டார். என் வகுப்புகளில் நான் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன். ஊரில் விளைவதன் மதிப்பில் எவ்வளவு ஊரிலேயே தங்குகிறது? தங்கியது அடுத்த புயலுக்குப் பிறகும் மிஞ்சுகிறதா? அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் ஊர்க்காரர் இருக்கிறாரா? கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் சுற்றியே வரும்.

நெய்வேலி இருக்கும் மாவட்டத்தைப் பின்தங்கியது என்று எப்படிச் சொல்லலாம்?

தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்து 1993-இல் உருவாக்கப்பட்டது இன்றைய கடலூர் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 26 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கிராமங்களில் இருக்கின்றனர். எழுத்தறிவு 78 சதவீதம். மாநிலச் சராசரியோ 80. பெண்களின் எழுத்தறிவு 70 சதவீத அளவிலேயே நின்று, ஆண்களைவிட 15 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தது. மக்களில் பத்துக்கு மூவர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது ஐந்துக்கு ஒருவர். நிலம் இல்லாமல் கூலியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள் இங்கு மிகுதி என்பதை இந்தக் கடைசி எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வளம் இல்லாததால் வந்த நிலை இதுவன்று. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி, மேலே தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும், செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும், சிதம்பரம் காட்டுமன்னார்கோயில் பக்கம் கடைமடை நெல், கிழக்கே கடல் என எல்லாம் உண்டு. நிலக்கரி மின்சாரமாகித் தென் மாநிலங்களுக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரியின் தண்ணீர் 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகின்றனர். சென்னை மக்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. போகும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக என்ன திரும்பி வருகிறது என்று கணக்குக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லாதிருந்ததே குறை.

பெரிய ஆலை ஒன்று வந்தால் சுற்றுவட்டாரம் தானாக வளர்ந்துவிடாதா?

இந்த நம்பிக்கைக்குப் பொருளியலில் ஒரு வரலாறு உண்டு. 1950-களில் பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரான்சுவா பெரூ, வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தோன்றாது, சில முனைகளில் தோன்றி அங்கிருந்து பரவும் என்றார். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-இல் அதற்கு ஒரு நிபந்தனையைத் தெளிவாக்கினார்: ஆலைக்கு வேண்டிய பொருள்களைச் சுற்றியுள்ளவர்கள் செய்து கொடுக்க வேண்டும், ஆலையின் விளைபொருளைக் கொண்டு சுற்றியுள்ளவர்கள் வேறு பொருள் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் இப்படி இணைப்பு இருந்தால்தான் பரவல் நடக்கும்.

நெய்வேலியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது வெளிவந்த கரும்பொருள்தான் தொடக்கம். அவரே 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வழங்கினார். 1956-இல் பொதுத்துறை நிறுவனம் அமைந்து, 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. நேர்கோட்டுத் தெருக்களும் பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட நகரியம் எழுந்தது. ஒரு தலைமுறையில் பல ஆயிரம் குடும்பங்கள் நிரந்தர வேலையால் தலைநிமிர்ந்தன; அதை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆனால் நகரியத்தின் மதிலுக்கு வெளியே வந்தவை பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி வேலைகள்தாம். அந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். மின்சாரம் கம்பி வழியே வெளியேறியது. அதைப் பயன்படுத்தும் தொழில்கள் மதிலை ஒட்டி வளரவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காகக் கதிர் விட்ட நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். விதைத்தவன் அறுக்கும் வரை பொறுக்கக் கூடாதா என்பது உழவரின் கேள்வி. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பச்சைப் பயிர் மடிந்த அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளில், என் வகுப்பிலிருந்த ஓர் உழவர் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். வளர்ச்சி முனை பற்றிய எந்தப் பாடத்தையும் அன்று என்னால் தொடர முடியவில்லை.

கடலூர் நகருக்குத் தெற்கே 1980-களில் அமைந்த சிப்காட் வளாகம், அதாவது மாநில அரசின் தொழிற்பேட்டை, இன்னொரு பாடம். ரசாயன ஆலைகளின் நாற்றம் குறித்தும் நிலத்தடி நீர் குறித்தும் குடிகாடு போன்ற ஊர்கள் முறையிட்டபோது, ஆதாரம் எங்கே என்ற கேள்விதான் பதிலாக வந்தது. 2004 அளவில் ஊர்மக்களே பயிற்சி பெற்று, வாளிக்குள் பை வைத்த எளிய கருவியால் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினர். எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த ஆலைப் பக்கமிருந்து, என்ன வாடை வந்தது என்று நோட்டில் எழுதி வைத்தனர். கண்காணிப்பு என்பது அதிகாரியின் வேலை மட்டுமன்று என்பதைக் கடலூர் அப்போது நாட்டுக்கே காட்டியது.

நிலம் கொடுப்பவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது?

2013-இல் நிறைவேறி 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் இசைவும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு எடுத்தால் 70 சதவீதத்தினரின் இசைவும் வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். கிராமப்புற நிலத்துக்கு இழப்பீடு சந்தை மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை போகலாம். ஆனால் தொழில் தேவைக்கு நிலம் எடுக்கும் மாநிலச் சட்டங்களுக்குத் தமிழ்நாடு தனி வழி வகுத்துக்கொண்டுள்ளது. ஆகவே நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதைத்தான். இசைவும் தாக்க மதிப்பீடும் கேட்கும் உரிமை அதைப் பொறுத்தே அமையும்.

மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளவர்களுக்கு இன்னொரு காப்பும் உண்டு. காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து வட்டாரங்கள் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்குள், அதாவது புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் போன்றவற்றுக்குத் தடை உள்ள பகுதிக்குள் வருகின்றன.

அப்படியானால் தொழிற்சாலையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. வேளாண்மை மட்டும் 26 லட்சம் பேரைத் தாங்காது. எந்தத் தொழில், எவ்வளவு தண்ணீர், யாருக்கு வேலை, கழிவு எங்கே போகும் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு வரவேற்போம் என்கிறேன்.

நம் ஊர் விளைபொருளை வைத்தே தொழில் வளர்க்க முடியாதா? முந்திரி இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மிகவும் விருப்பம்.

பண்ருட்டியைச் சுற்றிய ஊர்களில் முந்திரி ஒரு மரம் மட்டுமன்று, ஒரு முழுப் பொருளாதாரம். கொட்டையை அவிப்பார்கள் அல்லது வறுப்பார்கள், ஓட்டை உடைப்பார்கள், பருப்பைச் சூட்டில் உலர்த்தி, மேல் தோலை நீக்கி, தரம் பிரிப்பார்கள். டபிள்யூ 320 என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால், ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 320 முழுப் பருப்புகள் நிற்கும் என்று பொருள். 180 என்றால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. உடைந்தால் விலை சரிந்துவிடும். எனவே முழுப் பருப்பாக வெளியே எடுப்பதில்தான் வணிகத்தின் ஆதாயமே இருக்கிறது. அந்த ஆதாயம் உடைப்பவரின் விரல் நுனியில் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு கொட்டகையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலால் மிதித்துக் கையால் இழுக்கும் வெட்டுக்கருவி முன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதைத் தடுக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்கின்றனர். இருந்தும் விரல்கள் கறுத்து, நகக்கண்களில் தோல் உரிந்திருந்தது. எதிரே இருந்த அக்கா ஒருவர், ரேஷன் கடையில் கைரேகை பதியவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டதாகச் சொன்னார். கூலி எடைக்கணக்கில், உடையாமல் எடுப்பது அவருடைய திறமை, ஆனால் அந்தத் திறமைக்குரிய விலை அவர் கைக்கு வருவதில்லை. நம் விளைச்சல் ஆலைகளுக்குப் போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை இறக்குமதியாகிறது. ஆக, இந்தத் தொழிலில் பண்ருட்டி கையில் உறுதியாக இருக்கும் சொத்து இந்தப் பெண்களின் கைத்திறனே. மாவட்ட வளர்ச்சித் திட்டம் எழுதுபவர்கள் முதலில் கணக்கெடுக்க வேண்டிய மூலதனமும் அதுதான்.

என்ன செய்யலாம்? கையுறையும் காற்றோட்டமும் முதல் தேவை. அது செலவுமன்று, பெரிய தொழில்நுட்பமுமன்று. அடுத்து, ஓட்டு எண்ணெய்க்கு பிரேக் லைனிங், பெயின்ட் தொழில்களில் தேவை இருக்கிறது. அதை இங்கேயே பிரித்தெடுக்கும் அலகுகள் பெருக வேண்டும். முந்திரிப் பழம் பறித்த ஒரு நாளுக்குள் கெட்டுவிடும் என்பதால் நம் தோப்புகளில் பெரும்பாலும் தரையிலேயே அழுகுகிறது. அதைச் சாறாகவும் வற்றலாகவும் மாற்றச் சிறு அலகுகள் தோப்புக்கு அருகிலேயே வேண்டும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நல்ல ஒட்டு ரகங்களைத் தந்திருக்கிறது. 2025-இல் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஒரு பெயர்ப் பாதுகாப்பு மட்டுமே. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து, தம் பெயரிலேயே விற்கத் தொடங்கும்போதுதான் அது பணமாகும். மண்டிக்குப் போய்த் தரகு கொடுத்துவிட்டு வந்தால் குறியீட்டின் பலன் வாங்கியவருக்கே சேரும்.

மகளிர் குழுக் கடன் வறுமையை நீக்கிவிடுமா?

குழு வேறு, கடன் வேறு. தமிழ்நாட்டில் குழு இயக்கம் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. சேமிக்கவும், கணக்கு எழுதவும், வங்கி மேலாளர் எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசவும் பெண்கள் கற்றுக்கொண்டது அந்த இயக்கத்தின் பெரும் பேறு. அதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

கடனைப் பற்றிய சான்றுகள் அவ்வளவு மகிழ்ச்சி தருவனவாக இல்லை. இந்தியா, மொராக்கோ, எத்தியோப்பியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015-இல் ஒன்றாக வெளியான ஆய்வுகள், நுண்கடனால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் பெரிதாக உயரவில்லை என்றன. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆறு நாட்டு ஆய்வு, வங்கதேசத்தில் பிராக் அமைப்பு வகுத்த முறையைச் சோதித்தது: மிக ஏழைக் குடும்பத்துக்கு ஆடோ மாடோ சும்மா கொடுப்பது, சில மாதங்களுக்குச் சாப்பாட்டுப் பணம் கொடுப்பது, வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து வழிகாட்டுவது. திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் அக்குடும்பங்களின் நிலை உயர்ந்தே இருந்தது. ஒன்றுமில்லாதவருக்கு முதலில் தேவைப்படுவது சொத்து. கடன் அதற்குப் பிறகு வர வேண்டியது.

வாரத் தவணை வசூலிக்கும் நிறுவனங்களிடம் ஒரே வீட்டில் மூன்று நான்கு கடன்கள் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கும் நிலையை நம் ஊர்களில் பார்க்கிறோம். வசூல் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

உதவித்தொகையும் இலவச உணவும் மக்களைச் சோம்பேறிகள் ஆக்காதா?

மதிய உணவைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். காமராசர் 1956-இல் மாநிலம் முழுவதும் கொண்டுவந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் குழந்தைகளைப் பள்ளிக்கு வரவழைத்தன. அவர்களுள் பலர் இன்று வரி கட்டுகிறார்கள். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930-இல், பள்ளியில் மதிய உணவு வழங்கப்பட்டது. பிரேசில் 2003-இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா, குழந்தை பள்ளிக்குப் போவதையும் தடுப்பூசி போடுவதையும் நிபந்தனையாக்கித் தாய்மார்களிடம் பணம் கொடுத்தது. வறுமை குறைந்தது, வேலைக்குப் போவது குறையவில்லை.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் தொடங்கியபோது கடலூரும் அவற்றுள் ஒன்று. ஏரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை நம் ஊர்ப் பெண்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டது அப்போதுதான். நடவுக்கு ஆள் வரவில்லை என்று நிலமுடையோர் வருந்தினார்கள். குறைந்த கூலிக்கு ஆள் வரவில்லை என்பதே அதன் முழு வடிவம்.

ஒவ்வொரு புயலுக்கும் எல்லாம் போய்விடுகிறதே, இங்கு எதைக் கட்டி என்ன பயன்?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை உள்ளிட்ட கடலோர ஊர்களில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும் முழு விளைச்சலுக்கு மேலும் பல ஆண்டுகள் ஆகும். பலாவுக்கு இன்னும் நாளாகும். ஆக, ஓர் இரவில் பறிபோனது ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு வருமானம். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, பண்ருட்டி அருகே வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை மீறியது.

எனவே இங்கு பேரிடர்த் தயாரிப்பை வளர்ச்சித் திட்டத்தின் பின்னிணைப்பாக வைக்க முடியாது. அது முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். அது பலன் தரும் என்பதற்கு நம் கண்ணெதிரே சான்றுகள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகே கட்டுமரங்கள் கிளம்பும். ஆழிப்பேரலை நாளன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தின் கதவைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,500-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும் ஆபத்து வரும் முன்பே அன்றாடப் புழக்கத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. அந்தக் காட்டின் சிதைந்த பகுதிகளில் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்துபோக வழி செய்து, ஊர்மக்களைச் சேர்த்தே கன்று நட்டு மீட்டிருந்தனர். கடலோரச் சுவருக்குக் கோடிகள் கேட்கும் முன் இத்தகைய வாய்க்கால்களுக்குச் சில லட்சங்கள் கேட்கலாம் என்பது என் துணிபு.

இளைஞர்கள் வெளியூர் போவதைத் தடுக்க வேண்டாமா?

தடுக்க வேண்டியதில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல ஊர்களில் ஓட்டு வீடு மாடி வீடானது, தங்கை கல்லூரிக்குப் போனாள். போக விரும்புபவர் ஏமாறாமல் போகவும், இருக்க விரும்புபவர் பசியில்லாமல் இருக்கவும் வழி வேண்டும். ஏஜென்டிடம் பணம் கட்டும் முன், அவர் வெளியுறவுத் துறையின் பதிவு பெற்றவரா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தென் கொரியா போல நாமும் செய்தால் என்ன?

கொரியாவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். 1970-இல் அந்நாட்டு அரசு ஏறத்தாழ 33,000 கிராமங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிக்காமல், ஊருக்கு 335 மூட்டை சிமென்ட் கொடுத்து, ஊர்ப் பொதுவுக்கு எது தேவையோ அதைக் கட்டுங்கள் என்றது. சில ஊர்கள் பாலமும் கிணறும் கட்டின. சில ஊர்கள் வீணடித்தன. நன்றாகப் பயன்படுத்திய ஏறக்குறைய பாதி ஊர்களுக்கு மட்டும் அடுத்த முறை 500 மூட்டையும் ஒரு டன் கம்பியும் கிடைத்தன. சர்வாதிகார ஆட்சியின் அழுத்தமும் அதில் இருந்தது. அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதற்கு முன்பே அங்கு நிலச் சீர்திருத்தம் நடந்து, பெரும்பாலோர் சொந்த நிலத்தில் உழுதார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். ஊர் முழுவதற்கும் பங்கு இருந்ததால்தான் ஊர்ப் பொதுவேலைக்கு எல்லாரும் வந்தார்கள். ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்து கிடக்கும் நம் இடத்தில், சிமென்ட் மூட்டை எந்தப் பக்கம் இறங்கும் என்பதே முதல் சண்டையாகும்.

புதுச்சேரி நம்மைவிட முன்னே இருப்பது எதனால்?

கல்வியும் மருத்துவமும் அங்கு அடர்த்தியாக இருக்கின்றன; 2011-இல் எழுத்தறிவு 86 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஆனால் தொழிலில் அதன் அனுபவம் நமக்கு எச்சரிக்கை. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 பஞ்சாலைத் தொழிலாளர் உயிர்விட்டு எட்டு மணி நேர வேலையைப் பெற்றுத் தந்த நகரம் அது. அந்த ஆலைகளுள் பெரியதான ஏ.எஃப்.டி. 2020-இல் மூடப்பட்டது. வரிச் சலுகையை நம்பி வந்த தொழிற்சாலைகள் பல, சலுகை முடிந்ததும் வேறிடம் போயின. சலுகையால் வரவழைத்ததை, திறன் பெற்ற தொழிலாளர்களும் உள்ளூர்ச் சந்தையும் இருந்தால்தான் நிறுத்திவைக்க முடியும்.

ஒன்றில் புதுச்சேரி நம்மைவிடப் பின்னால் இருக்கிறது. அங்கு 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். அதன் பிறகு மீண்டும் நீண்ட இடைவெளி. ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் 1999-இல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் ஏரி தோறும் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து நல்ல பணி நடந்தது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாத இடத்தில் அத்தகைய சங்கங்கள் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

சாதாரண ஊர்க்காரர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கிராம சபையிலிருந்து. ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் அரசியலமைப்பில் இடம் தந்த 73-ஆவது சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேரளம் 1996-இல் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியபோது, கிராம சபைகள்தாம் முதலில் தேவைகளைப் பட்டியலிட்டன.

சபையில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். 2020-இல் புவனகிரி அருகே தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்தது. நாற்காலியே மறுக்கப்படும் இடத்தில் இட ஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கும். ஆகவே முதல் வேலையாக, காலனிப் பெண்களும் நிலமில்லாதவர்களும் கூட்டமாகப் போய் முன்வரிசையில் அமருங்கள்.

போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர், எவர் நிலத்தருகே, எந்த மாதத்துக்குள் என்று. சபையில் அதை வாசித்துவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதும் வரை எழுந்து வராதீர்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். நகல் கையில் வந்ததும் அதைக் கண்ணாடித்தாளில் போட்டு, அடுத்த சபைக்குக் கொண்டு வாருங்கள். அன்றைய முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.